மேடையும் ஆணையும் – 9: கடையத்துக் கவிஞரும் கொட்டகைச் சொந்தக்காரரும்

சென்ற அத்தியாயத்தில் கல்கத்தாவில் நின்றோம். வேல்ஸ் இளவரசரைத் தம் வீட்டு அந்தப்புரத்துக்கே அழைத்து உபசரித்த வக்கீல் ஜகதானந்த முகர்ஜியைக் கிண்டல் செய்து 1876 பிப்ரவரியில் ஒரு நாடகம் போட்டார்கள். வைஸ்ராய் நார்த்புரூக் பிரபு அந்த மாதமே அவசரச் சட்டம் கொண்டுவந்தார். ஆண்டு முடிவதற்குள் அது 1876-ஆம் ஆண்டின் 19-ஆம் எண் சட்டமாகிவிட்டது. நாடக நிகழ்ச்சிகள் சட்டம் என்று பெயர். இந்த வாரம் அந்தச் சட்டத்தையும் அதன் உறவுக்காரச் சட்டங்களையும் பின்தொடர்ந்து தென்காசிச் சீமைக்கு வருகிறோம்.

ஏன் தென்காசி என்று கேட்கலாம். கலையை அரசு எப்படிக் கட்டுப்படுத்தியது என்பதன் மூன்று முகங்களை இங்கே ஒரே நாள் பஸ் பயணத்தில் பார்த்துவிடலாம். எழுதியதையெல்லாம் போலீஸ் அதிகாரியிடம் காட்டிவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒரு மகாகவி வாழ்ந்த கடையம் இங்கே இருக்கிறது. சென்னை மாகாண அரசின் ஆணை எல்லைக்கோட்டோடு நின்றுபோன செங்கோட்டை இருக்கிறது. சென்னை முதன்மை அமைச்சரும், பின்னர் தடை செய்யப்பட்ட ஒரு படத்தின் கதாசிரியரும் ஒரே வீட்டு விருந்தாளிகளாக வந்துபோன குற்றாலமும் இருக்கிறது.

முதலில் சட்டத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடுவோம். தடை செய்வதற்கு மூன்று காரணங்கள்: அவதூறு, அரசின்மீது வெறுப்பைத் தூண்டுவது, பார்ப்பவரைக் கெடுப்பது. இது எல்லாத் தணிக்கைச் சட்டங்களிலும் உள்ளதுதான். 6-ஆவது பிரிவுதான் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது. தடை உத்தரவை மீறினால் யார் யார் குற்றவாளி என்று அது பட்டியல் போடுகிறது. நடிப்பவர் குற்றவாளி. நாடகத்தை நடத்த எந்த வகையில் உதவினாலும் குற்றவாளி. தடை இருப்பது தெரிந்தே போய்ப் பார்க்க உட்கார்ந்தவரும் குற்றவாளி. கொட்டகையை வாடகைக்கு விட்ட சொந்தக்காரரும் குற்றவாளி. மூன்று மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

10-ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. அரசு விரும்பினால் ஒரு வட்டாரத்தை அறிவிக்கலாம். அங்கே லைசென்ஸ் இல்லாமல் நாடகம் கிடையாது. நாடகப் பிரதியை மூன்று நாளுக்கு முன்பே அதிகாரியிடம் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லலாம். வசனமே இல்லாத ஊமை நாடகமா? அப்படியானால் அதன் கருத்து என்னவென்று போதுமான விளக்கம் எழுதிக் கொடு என்கிறது சட்டம். பேசாத கூத்துக்கும் பொருள் எழுதிக் கேட்ட அரசு அது.

கொட்டகைக்காரரைக் குற்றவாளிப் பட்டியலில் சேர்த்ததில் சட்டம் எழுதியவர்களின் கெட்டிக்காரத்தனம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஊருக்கு ஊர் நாடகம் பார்க்கப் போலீசை அனுப்புவது செலவு. கொட்டகைக்காரருக்கு பயம் வந்துவிட்டால் அந்த வேலையை அவரே செய்துவிடுவார். ஏற்கெனவே அவர் தலையில் இன்னொரு சட்டம் இருந்தது. 1888-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுக் கூடுமிடங்கள் சட்டப்படி, கூட்டம் கூடும் கொட்டகைக்கு லைசென்ஸ் வேண்டும். கூரை பலமாக இருக்கிறதா, தீப்பிடித்தால் வெளியேற வழி இருக்கிறதா என்று பார்ப்பதற்கான சட்டம் அது. நியாயமான சட்டம்தான், ஓலைக் கொட்டகைகள் தீப்பிடித்த கொடுமைகளை நாம் கேட்டிருக்கிறோம். ஆனால் லைசென்ஸ் கொடுப்பவர் கையில் அது ஒரு பிடி. தேசப் பாட்டுப் பாடுகிற கம்பெனிக்கு இடம் கொடுத்தால் அடுத்த தடவை லைசென்ஸ் புதுப்பிக்கும்போது என்ன ஆகும் என்ற கேள்வி, எந்தக் கொட்டகைக்காரரின் மனத்திலும் எழத்தானே செய்யும்?

இந்த ஏற்பாடு பழங்கதை இல்லை. இன்றைய சீனத்தைப் பாருங்கள். அங்கே படம் எடுக்குமுன் கதைச்சுருக்கத்தை அரசின் திரைப்பட நிர்வாகத்திடம் பதிவு செய்ய வேண்டும். எடுத்து முடித்தபின் அனுமதி பெற வேண்டும். அந்த அனுமதிக்கு அடையாளமாகத்தான் சீனப் படங்களின் தொடக்கத்தில் டிராகன் முத்திரை திரையில் தோன்றுகிறது. 2018-இல் திரைப்பட நிர்வாகம் கம்யூனிஸ்ட் கட்சியின் பிரசாரத் துறையின் கீழ் நேரடியாகக் கொண்டுவரப்பட்டது. இணையத்தில் ஒருவர் போடும் வீடியோவுக்கு அதை வெளியிடும் நிறுவனமும் பொறுப்பு. அதனால் பெரிய நிறுவனங்கள் சோதிப்பதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கின்றன. 2021 ஆகஸ்டில், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 மணி வரை மட்டுமே இணைய விளையாட்டு விளையாடலாம் என்று விதி வந்தது. அதைக் காப்பாற்றும் பொறுப்பும் விளையாட்டுக் கம்பெனிகளுக்கே. நம் ஊர்க் கொட்டகைக்காரர் நின்ற இடத்தில் அங்கே கணினி நிறுவனங்கள் நிற்கின்றன. அளவு பெரிது, கருவி புதிது. பயத்தைக் கைமாற்றிவிடும் வழி 1876-இல் கண்டதுதான்.

இனிக் கடையத்துக்குப் போவோம்.

தென்காசியில் ரயில் ஏறினால் பாவூர்ச்சத்திரம் தாண்டிக் கீழக்கடையம் ஸ்டேஷன். மேற்கே மலை. அடிவாரத்தில் நித்திய கல்யாணி அம்மன் கோயில். பாரதியின் மனைவி செல்லம்மாள் பிறந்த ஊர் இது. 1918 டிசம்பரில் பாரதி இங்கே வந்து சேர்ந்தார். மாமனார் ஊருக்கு மாப்பிள்ளை வந்த வரவு இல்லை அது.

பத்து வருஷத்துக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1908-இல் ‘இந்தியா’ பத்திரிகைமீது அரசு வழக்குப் போட்டது. எழுதியவர் பாரதி என்பது ஊருக்கே தெரியும். ஆனால் பதிவில் ஆசிரியராகப் பெயர் கொடுத்திருந்தவர் சீனிவாசன். பதிவுப் புத்தகத்தில் பெயர் யாருடையதோ அவரைத்தான் சட்டம் பிடிக்கும். சீனிவாசனுக்கு ஐந்து ஆண்டுச் சிறை. பாரதி புதுச்சேரிக்குப் போனார். ‘இந்தியா’ அங்கிருந்து வந்தது, பிரிட்டிஷ் எல்லைக்குள் அது நுழையக் கூடாது என்றார்கள், 1910-இல் நின்றது. 1911 ஜூன் 17-இல் மணியாச்சி ஸ்டேஷனில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் இதே சீமையின் செங்கோட்டைக்காரர். அதற்குப் பிறகு அரசின் பார்வை பாரதியின் எழுத்தின்மேல் இன்னும் கடுமையானது. ‘கனவு’, ‘ஆறில் ஒரு பங்கு’ இரண்டு சிறு நூல்களும் தடை செய்யப்பட்டன. ஒன்று தன்வரலாற்றுக் கவிதை, மற்றொன்று சாதிக் கொடுமையைப் பேசும் கதை. இவற்றில் துப்பாக்கியும் இல்லை, வெடிகுண்டும் இல்லை.

1918 நவம்பர் 20-இல் புதுச்சேரி எல்லையைத் தாண்டியதும் பாரதியைக் கைது செய்து கடலூர்ச் சிறையில் வைத்தார்கள். அங்கிருந்து கவர்னர் பென்ட்லண்ட் பிரபுவுக்கு பாரதி ஒரு மனு எழுதினார். அரசியலை விட்டுவிட்டேன், அரசுக்கு விசுவாசமாக இருப்பேன் என்பது அதன் சாரம். இந்த மனுவை வைத்துக்கொண்டு பாரதி பணிந்துவிட்டார் என்று பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. பத்து ஆண்டு ஊர் விட்டு ஊர் இருந்து, வறுமையில் உடம்பு நொந்து, மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் நடுத்தெருவில் நிற்கும்போது, சிறைக்குள்ளிருந்து எழுதிய காகிதம் அது. அதை எழுத வைத்த அரசைப் பற்றித்தான் அந்தக் காகிதம் நமக்கு அதிகம் சொல்கிறது.

அன்னி பெசன்ட், சி.பி. ராமசாமி ஐயர், ஏ. ரங்கசாமி ஐயங்கார் போன்றவர்கள் முயற்சி எடுத்தார்கள். டிசம்பர் 14-இல் விடுதலை. ஆனால் நிபந்தனையோடு. அரசு ஒப்புக்கொண்ட ஊரில்தான் வசிக்க வேண்டும். எதை வெளியிடுவதானாலும் சி.ஐ.டி. டெபுடி இன்ஸ்பெக்டர் ஜெனரலிடம் முன்கூட்டியே காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். இந்த இரண்டையும் சுமந்துகொண்டுதான் பாரதி கடையம் அக்கிரகாரத்துக்கு வந்தார். 1920 நவம்பர் வரை ஏறத்தாழ இரண்டு வருஷம்.

எழுதுகிறவர்களுக்கு இந்த நிபந்தனையின் கனம் தெரியும். எழுதி முடித்தபின் ஒருவன் வெட்டுவது வேறு. எழுத உட்காரும்போதே, இதைப் போலீஸ் ஆபீசில் ஒருவர் படிப்பார் என்ற நினைப்போடு உட்காருவது வேறு. இந்த இரண்டு வருஷத்தில் எழுதப்படாமல் போனது எது என்று எந்த ஆவணக் காப்பகத்திலும் தேடி எடுக்க முடியாது. தடை செய்யப்பட்ட நூலுக்காவது அரசாணை எண் இருக்கிறது.

இந்தக் கடையத்திலிருந்துதான் 1920 ஜூனில் பாரதி தம் நூல்களை வெளியிடும் பெருந்திட்டம் ஒன்றை அச்சிட்டு நண்பர்களுக்கு அனுப்பினார். தம் எழுத்துகளை 40 புத்தகங்களாகப் பிரிப்பது. ஒவ்வொன்றிலும் முதல் பதிப்பு 10,000 பிரதி. மொத்தம் நான்கு லட்சம் பிரதி. மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் விற்பது போல வீடுவீடாக விற்றுப்போகும் என்று அவர் நம்பினார். தமிழ்நாட்டில் ஆயிரம் பிரதி விற்பதே பெரிய காரியமாக இருந்த காலம். பணம் வரவில்லை, திட்டம் நடக்கவில்லை. ஆனால் தம் ஒவ்வொரு எழுத்துக்கும் அரசின் கையெழுத்து தேவைப்பட்ட நிலையில் இருந்த ஒருவர் நான்கு லட்சம் பிரதிக்குக் கணக்குப் போட்டார். கடையம் நாட்களைப் பற்றி எழுதுகிறவர்கள் கழுதைக்குட்டியைத் தூக்கிக் கொஞ்சியதையும் அக்கிரகாரத்துச் சண்டையையும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இந்தக் கணக்குதான் எனக்கு அவருடைய துணிச்சலுக்குச் சாட்சி.

கட்டுப்பாடு நீங்கிச் சென்னைக்குப் போய் மீண்டும் ‘சுதேசமித்திர’னில் சேர்ந்தார். 1921 செப்டம்பரில் மறைந்தார். ஆணை அவரை அப்போதும் விடவில்லை. 1928-இல் பர்மா அரசு பாரதி பாடல்களைப் பறிமுதல் செய்ய உத்தரவிட, சென்னை அரசும் அதைப் பின்பற்றிப் பிரதிகளை அள்ளிக்கொண்டு போனது. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்த பாட்டுகள் அவை. சட்டசபையில் சத்தியமூர்த்தி ஒத்திவைப்புத் தீர்மானம் கொண்டுவந்தார். 76 வாக்குக்கு 12 என்று தீர்மானம் வென்றது. செத்துப்போய் ஏழு வருஷமான கவிஞருக்காகச் சட்டசபை அரசைத் தோற்கடித்த நாள் அது.

இனிக் கொட்டகைக்குள் போவோம்.

அந்தக் காலத்து ஸ்பெஷல் நாடகம் எப்படி நடக்கும் என்று இன்றைய வாசகருக்குச் சொல்ல வேண்டும். ஒரே கம்பெனி ஆட்கள் கிடையாது. காண்டிராக்டர் ஒருவர் ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட்டை இன்னோர் ஊரிலிருந்தும் பேசி வரவழைப்பார். பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் எல்லாம் தனித்தனிப் பேச்சு. ஒத்திகை இல்லை. எல்லோருக்கும் சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’, ‘கோவலன்’, ‘பவளக்கொடி’ மனப்பாடம். சுருதி சேர்த்ததும் தொடங்கிவிடுவார்கள், விடிய விடிய நடக்கும். அதிகாரி பிரதி கேட்டால் சுவாமிகளின் பாடத்தைக் காட்டலாம். முருகன் வள்ளியை மணந்த கதையில் எந்த அதிகாரி என்ன குற்றம் காண முடியும்?

மேடையில் நடந்தது வேறு. வள்ளி தினைப்புனத்தில் பரண்மீது நின்று ஆலோலம் பாடிப் பறவை விரட்டும் காட்சி. அங்கேதான் மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய கொக்குப் பாட்டு நுழைந்தது. தினையைத் தின்ன வந்த வெள்ளைக் கொக்கை விரட்டும் பாட்டு. கொட்டகையில் உட்கார்ந்திருப்பவன் எழுதப் படிக்கத் தெரியாதவனாக இருந்தாலும் கொக்கு யார், தினை யாருடையது என்று அவனுக்குப் புரியும். ஆரவாரம் எழும். ஒன்ஸ்மோர் கேட்பார்கள். முன்வரிசையில் இருக்கும் போலீஸ்காரருக்கும் புரியும். ஆனால் வழக்குப் போட வேண்டுமென்றால், தினையைத் திருடித் தின்னும் வெள்ளைக் கொக்கு என்றால் அது எங்கள் அரசாங்கம்தான் என்று போலீசே எழுதிக் கையெழுத்திட வேண்டும். நம் நாடகக்காரர்கள் சட்டத்துக்கு முன்னால் வைத்த மிக நுட்பமான பொறி இது.

இருந்தும் கைது செய்தார்கள். விசுவநாததாஸ் என்ற பெயரைத் திருநெல்வேலிச் சீமை மறக்கக் கூடாது. 1886-இல் சிவகாசியில் பிறந்தவர். மருத்துவர் குலத்தவர். சாதியைக் காரணம் காட்டி அவரோடு நடிக்க மறுத்த ஸ்திரீபார்ட்டுகள் இருந்த காலத்தில் ராஜபார்ட்டாக நின்றவர். கதர் உடுத்தி மேடை ஏறித் தேசப் பாட்டுப் பாடினார். பலமுறை சிறைக்குப் போனார். வெளியே வந்ததும் அடுத்த ஊரில் அதே பாட்டு. நடிகனுக்கு ஜெயில் என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். அவனுக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஓர் இரவு மேடை ஏறினால்தான் மறுநாள் வீட்டில் உலை வைக்கலாம். காண்டிராக்டர்களும் வழக்குக்குப் பயப்படுவார்கள். சட்டத்தை மீறினால் என்ன இழப்பு என்று தலைவர்களுக்கு இருந்த கணக்கைவிட, இவருக்கு இருந்த கணக்கு மிகக் கடினமானது.

1940 டிசம்பர் 31 இரவு. சென்னை ராயல் தியேட்டரில் ‘வள்ளி திருமணம்’. முருகன் வேடத்தில் மயில் வாகனத்தின்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தார் தாஸ். பாட்டு நடுவில் உயிர் பிரிந்தது. வேடத்தோடேயே சாய்ந்தார். இந்த மரணத்தைப் பற்றி நாடகக்காரர்கள் பேசும்போது இன்றும் குரல் தழுதழுக்கும்.

பிரதியை மாற்றாமல் பாட்டை நுழைப்பது ஒரு வழி என்றால், பெயரை மாற்றுவது இன்னொரு வழி. வெ. சாமிநாத சர்மா எழுதிய ‘பாணபுரத்து வீரன்’ நாடகத்தை அரசு தடை செய்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் அதையே ‘தேசபக்தி’ என்று பெயர் மாற்றி 1931-இல் மேடையேற்றினார்கள். பாரதி பாடல்களும் அதில் ஒலித்தன. மூன்று வருஷத்துக்கு முன்னால் போலீஸ் அள்ளிக்கொண்டு போன அதே பாட்டுகளை நாடகம் பார்க்க வந்த ஜனங்கள் கேட்டுப் பாடம் செய்துகொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

1876 சட்டத்தில் ஒரு பெரிய வாசலும் இருந்தது. மத விழாக்களில் நடக்கும் ஜாத்திரைகளுக்கும் அதுபோன்ற நிகழ்ச்சிகளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்று 12-ஆவது பிரிவு சொல்கிறது. ஜனங்களின் சாமி விஷயத்தில் கைவைக்க 1857-க்குப் பிறகு அரசுக்குத் துணிச்சல் இல்லை. தென்காசிச் சீமையில் இதன் அர்த்தம் பெரிது. சுடலைமாடன் கொடையில் இரவெல்லாம் நடக்கும் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் அந்த விலக்கின் நிழலுக்குள் வருபவை. திருக்குற்றாலநாதர் சந்நிதியில் விழா நாளில் திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியை ஆடினால் அதற்கும் பிரதி கேட்க முடியாது. அந்தக் குறவஞ்சி அரங்கேறிய காலத்தில் மதுரை நாயக்கர் முத்துவிசயரங்க சொக்கநாதர் புலவருக்கு நிலம் கொடுத்தார். குறவஞ்சி மேடு என்று இன்றும் சொல்கிறார்கள். பாட்டைக் கேட்டு நிலம் எழுதிக் கொடுத்த அரசும், பாட்டைக் கேட்டு வாரண்டு எழுதிய அரசும் இருநூறு வருஷ இடைவெளியில் இதே மண்ணை ஆண்டிருக்கின்றன.

எல்லைக்கோடு என்று செங்கோட்டையைச் சொன்னேன். தென்காசியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் சமஸ்தானத்தையும் பின்னர் திரு-கொச்சியையும் சேர்ந்தது. நாடகச் சட்டமும் 1918-இன் சினிமாச் சட்டமும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு உரியவை. தென்காசிப் போலீசின் அதிகாரம் அந்தக் கோட்டில் முடிந்துவிடும். அப்பால் திவானின் ஆட்சி, வேறு கெடுபிடிகள். 1904-இல் ரயில் பாதை மலையைக் குடைந்து கொல்லத்துக்குப் போன பிறகு கம்பெனிகள் இரண்டு பக்கமும் போய்வந்தன. எஸ்.ஜி. கிட்டப்பாவின் பெயருக்கு முன்னால் இருக்கும் ‘எஸ்’ இந்தச் செங்கோட்டைதான். 1906-இல் பிறந்து 1933-இல், 27 வயதில் மறைந்த அந்தக் குரல் கதர் உடுத்திய குரல். அவருக்குப் பின் கே.பி. சுந்தராம்பாள் காங்கிரஸ் மேடைகளில் பாடியது ஒரு தேர்தல் காலத்தின் பெரும் படைபலம். அதைத் தனி அத்தியாயமாகவே எழுத வேண்டும்.

சினிமா வந்ததும் கட்டுப்பாட்டின் கட்டமைப்பு மாறியது. 1918 சட்டப்படி 1920-இல் பம்பாய், கல்கத்தா, சென்னை, ரங்கூன் நகரங்களில் தணிக்கை வாரியங்கள் வந்தன. போலீஸ் கமிஷனர்தான் தலைமை. நாடகத்துக்குப் பிரதி போதும் என்றிருந்த இடத்தில், படம் முழுவதையும் போட்டுக் காட்டிச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்றானது. கொக்குப் பாட்டை இடையில் நுழைக்க முடியாது. பிலிம் சுருளில் உள்ளதுதான் எல்லா ஊரிலும் ஓடும். 1921-இல் வந்த ‘பக்த விதுரர்’ மௌனப் படத்தில் விதுரர் காந்தி குல்லாவும் கதருமாக இருந்தார் என்பதற்காகத் தடை வந்தது. சான்றிதழ் பெற்ற படத்தைக்கூட மாவட்ட மாஜிஸ்திரேட் நிறுத்திவைக்கலாம் என்ற அதிகாரமும் அந்தச் சட்டத்தில் உண்டு. இன்றைய 1952-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அந்த அதிகாரம் 13-ஆவது பிரிவாக உயிரோடு இருக்கிறது.

இங்கேதான் குற்றாலம் வருகிறது. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் குற்றால வீடு. சாரல் விழும் மாதங்களில் அங்கே ராஜாஜி வருவார், கல்கி வருவார். அருவிக் குளியல், அதன்பின் கம்பன், அதன்பின் சாப்பாடு என்று நாள் போகும். தமிழ் இலக்கிய ரசனைக்கு அந்த வீடு செய்தது ஒரு பல்கலைக்கழகம் செய்யக்கூடியது. அந்த விருந்தாளிகளில் ராஜாஜி 1937 முதல் 1939 வரை சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சர். அந்த இரண்டேகால் வருஷம்தான் தேசியப் படங்களுக்கு மூச்சுவிடக் கிடைத்த காலம். கல்கியின் கதையில் கே. சுப்ரமணியம் எடுத்த ‘தியாகபூமி’ 1939 மே மாதம் வெளியானது. பாபநாசம் சிவன், எஸ்.டி. சுப்புலக்ஷ்மி நடித்தார்கள். டி.கே. பட்டம்மாள் பின்னணியில் தேசப் பாட்டுப் பாடினார். ‘ஆனந்த விகட’னில் கதை தொடராக வரும்போதே படத்தின் காட்சிகள் அதில் அச்சாயின.

1939 அக்டோபரில் காங்கிரஸ் அமைச்சரவை ராஜினாமா செய்தது. யுத்தம், கவர்னர் ஆட்சி. 1940-இல் ‘தியாகபூமி’க்குத் தடை வந்தது. படத்தில் ஓர் அடிகூட மாறவில்லை. சான்றிதழும் அதே சான்றிதழ். நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் மாறினார்கள், அவ்வளவுதான். விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் பாதுகாப்பு உண்டு என்று நம்பிப் பணம் போட்ட தயாரிப்பாளருக்கு அந்தத் தடை கொடுத்த பாடத்தைத் தமிழ்த் திரையுலகம் நெடுங்காலம் மறக்கவில்லை. அதன் பிறகு புராணமும் காதலும் பாதுகாப்பான முதலீடாகத் தெரிந்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? சினிமாக்காரர்களைக் கோழைகள் என்று சொல்லிவிடுவது எளிது. முதலை இழந்தவனைக் கேட்டால்தான் தெரியும்.

சுதந்திரம் வந்ததும் இந்தச் சட்டங்கள் குப்பைத்தொட்டிக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. 1954-இல் சென்னை மாநிலம் தனக்கென்றே ஒரு நாடகச் சட்டத்தைப் புதிதாக இயற்றிக்கொண்டது. எம்.ஆர். ராதாவின் நாடகங்களை, குறிப்பாக அவருடைய ‘ராமாயண’த்தை, மனத்தில் வைத்து வந்த சட்டம் அது என்பது அன்றே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இந்த இடத்தில் என் கருத்தை ஒளிக்க விரும்பவில்லை. ராமன் கதையை நெஞ்சில் வைத்துக் கும்பிடுகிறவர்களுக்கு ராதாவின் நாடகம் வலித்திருக்கும். அந்த வலி உண்மையானது. ஆனால் வெள்ளைக்காரன் கொக்குப் பாட்டுக்குப் போட்ட அதே விலங்கை, கொக்குப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களே இன்னொரு நடிகனுக்குப் பூட்டியது பெரும் தவறு.

அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2013 வரை ஆயிற்று. வழக்கைத் தொடுத்தவர் எழுத்தாளரும் ‘பரீக்‌ஷா’ நாடகக் குழுவை நடத்தியவருமான ஞாநி. நாடகம் போட வேண்டுமென்றால் பிரதியைப் போலீசிடம் கொடுத்து அனுமதி வாங்கு என்று சொல்லும் அதிகாரத்தை எதிர்த்துத்தான் அவர் நின்றார். மூல சட்டமான 1876-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தை அலகாபாத் உயர் நீதிமன்றம் 1956-லேயே அரசியலமைப்புக்கு முரண் என்று சொல்லிவிட்டது. இருந்தும் சட்டப் புத்தகத்திலிருந்து அதை நீக்கும் வேலையைப் பாராளுமன்றம் செய்து முடித்தது 2018 ஜனவரியில்தான். 142 வருஷம்.

கடைசியாக, தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், சங்கரன்கோவில், ஆழ்வார்குறிச்சிப் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வரலாற்றில் அரசாணைகள் பத்திரமாக இருக்கின்றன. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் போய்ப் பார்க்கலாம். கொட்டகைக்காரர் பக்கத்துக் காகிதங்கள்தான் இல்லை. உங்கள் தாத்தா கொட்டகை வைத்திருந்தவராகவோ, காண்டிராக்டராகவோ, ஆர்மோனியம் வாசித்தவராகவோ இருக்கலாம். வீட்டுப் பரணில் பழைய நாடக நோட்டீஸ், லைசென்ஸ் தாள், டூரிங் டாக்கீஸ் சி ஃபாரம், பாட்டுப் புத்தகம் ஏதாவது கிடந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு படம் எடுத்து இந்த இதழுக்கு அனுப்புங்கள். தேதியும் ஊர்ப் பெயரும் தெரிகிற ஒரு நோட்டீஸ் கிடைத்தாலே இந்தத் தொடரில் ஒரு பத்தி திருந்தும்.

அடுத்த அத்தியாயம்: எம்.ஆர். ராதாவும் 1954-ஆம் ஆண்டுச் சட்டமும்.